முயலாருக்கு மளிகைக் கணக்கு

உங்கள் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு முயல் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று, சிவந்த கண்ணும் நீண்ட காதுமாக, கூண்டின் மூலையில் உட்கார்ந்து மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. "என்ன போடறதுப்பா இதுக்கு?" என்று விற்றவரைக் கேட்டீர்கள். "கேரட் போடுங்க சார், முட்டைக்கோஸ் போடுங்க, அது பாட்டுக்கு வளரும்!" என்று சொல்லிக் காசை எண்ணிக்கொண்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார்.

வீட்டில் பாட்டி பொட்டுக்கடலை கொடுக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் ரொட்டித் துண்டு கொண்டு வருகிறாள். குழந்தை தன் பங்குக்குப் பிஸ்கோத்து ஊட்டுகிறது. முயலும் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் பரம சந்தோஷம். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அது சாப்பிடாமல் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "மழைக்குக் குளிராக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும்" என்பீர்கள். அந்த நாளை பல முயல்களுக்கு வருவதில்லை என்பதுதான் வருத்தமான சமாசாரம். குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "முயல் காட்டுக்குப் போய்விட்டது" என்று பொய் சொல்லும் வீடுகள் எத்தனையோ!

குற்றம் பாட்டியினுடையது அல்ல. முயலின் வயிறு எதற்காக அமைந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அது புல்லுக்காக அமைந்த வயிறு. அதிலும் நீளமான, நார் மிகுந்த புல். கேரட் என்பது முயலுக்கு லட்டு மாதிரி. தினம் ஒரு விரல் கனத்துக்கு ஒரு துண்டு கொடுத்தால் சந்தோஷமாகத் தின்னும். அதையே சாப்பாடாக வைத்தால் லட்டையே சாப்பாடாகத் தின்ற மனிதனின் கதிதான். படக்கதைகளில் முயலின் கையில் கேரட்டைக் கொடுத்த சித்திரக்காரர்கள் இந்த விஷயத்தில் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

முயலின் பற்களைப் பாருங்கள். நமக்கெல்லாம் பல் ஒரு தடவை வளர்ந்தால் அதோடு சரி. முயலுக்கோ முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது. தேயாமல் விட்டால் வருஷத்துக்கு 10 சென்டிமீட்டர் நீளும்! புல்லில் உள்ள மணற்சத்து அரம் போல அவற்றைத் தேய்க்கிறது. முயல் புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் போய் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் கடைவாய்ப் பல்லைத் தீட்டும் வேலை. "கடிப்பதற்கு ஒரு மரக்கட்டை போட்டிருக்கிறேனே!" என்று சிலர் சொல்வார்கள். கட்டை முன்பல்லுக்கு ஆகும். உள்ளே இருக்கும் பல்லுக்கு எட்டாது.

பல்லைவிடப் பெரிய சங்கதி குடல். மாடு தின்றதை அசைபோடுகிறது. முயலுக்கு அசைபோடும் வித்தை தெரியாது. அது வேறொரு தந்திரம் வைத்திருக்கிறது. தின்ற புல்லின் நயமான பகுதியைக் குடலின் ஒரு பையில் நொதிக்க வைத்து, மெத்தென்ற சிறு உருண்டைகளாக வெளியேற்றி, உடனே குனிந்து வாயால் எடுத்து விழுங்கிவிடுகிறது. முதன்முதலில் பார்க்கும் குழந்தைகள் "சீச்சீ!" என்று ஓடும். ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில்தான் அதற்கு வேண்டிய ஜீவசத்துகள் இருக்கின்றன. இந்த இயந்திரம் முழுவதையும் நகர்த்துவது நார். நார் குறைந்தால் குடல் மெல்ல ஓய்ந்து நின்றுவிடும். உள்ளே வாயு கட்டும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. சுமார் பன்னிரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. அப்போது வீட்டு வைத்தியம் பண்ணிக்கொண்டிராமல் கால்நடை டாக்டரிடம் ஓட வேண்டும். சென்னைக்காரர்களுக்கு, 1903-ல் தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஆகவே முயல் வளர்ப்பது என்றால் புல் வாங்குவது என்று அர்த்தம். பச்சைப் புல் வருஷம் முழுவதும் கிடைத்தால் கவலையே இல்லை. மாடியில் குடியிருக்கும் நமக்கு அது ஏது? உலர்ந்த புல்லைத்தான் நம்ப வேண்டும்.

வைக்கோல் வேறு, உலர் புல் வேறு

இங்கேதான் தமிழர்களாகிய நமக்கு ஒரு சங்கடம். "உலர்ந்த புல்" என்றதும் நம் மனத்தில் வைக்கோல்தான் வந்து நிற்கிறது. நெல்மணியை அடித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற தாள் வைக்கோல். அதன் சத்தெல்லாம் மணிக்குப் போய்விட்டது. பசுமாட்டுக்கு நாலு வயிற்றறை இருக்கிறது, அதை வைத்து ஒப்பேற்றிவிடும். முயலுக்கு அது சாப்பாடு ஆகாது. கூண்டில் மெத்தையாகப் போடலாம், பேஷாக இருக்கும். உலர் புல் என்பது வேறு. கதிர் முற்றுவதற்கு முன்பே, இலையும் தண்டும் பசுமையாக இருக்கும்போதே அறுத்து, சத்துப் போகாமல் காயவைத்தது. நெல் விளையும் ஊர்களில் வைக்கோல் போர்போராகக் குவிந்து கிடந்தபடியால் உலர் புல்லுக்கென்று ஒரு வீட்டுச் சொல்லே நமக்கு வாய்க்கவில்லை போலும். புல் வாங்கப் போகும்போது இந்த வித்தியாசத்தை விற்கிறவரிடம் விளக்கிச் சொல்லாவிட்டால், நிச்சயம் வைக்கோல் கட்டுடன்தான் திரும்புவீர்கள்.

செல்லப் பிராணிக் கடைகளில் 'திமோதி' என்று ஒரு புல், பளபளக்கும் பையில் தொங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அந்தப் புல்லைப் பரப்பிய திமோதி ஹான்சன் என்ற குடியானவர் பெயரால் வழங்குகிறது. குளிர்நாட்டுப் புல். மிக நல்ல புல், அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உலர் புல் இலவம்பஞ்சுக்கு அண்ணன். கனம் இல்லை, இடத்தை மட்டும் அடைக்கும். அப்படிப்பட்ட சரக்கைக் கப்பலேற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தால், நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும் பகுதி புல்லுக்கா, வழியில் அடைத்த காற்றுக்கா என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கைப் போட்டுவிடுவோம். இரண்டு கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்குச் சுமார் 80 கிராம் உலர் புல் தின்னும். பார்வைக்கு ஏறக்குறைய அதன் உடம்பு அளவுக்கு ஒரு கட்டு. மாதம் இரண்டரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு; வருஷத்துக்கு 29 கிலோ. முயல் தின்பதோடு சிந்தவும் செய்யும் பேர்வழி. ஆகையால் 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோப் பையாக வாங்கினால் எண்பது பை! உங்கள் ஊர்க் கடையில் ஒரு பை என்ன விலை என்று கேட்டு, எண்பதால் பெருக்கிப் பாருங்கள். பெருக்கியபின், இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்க உங்களுக்குத் தானாகவே ஊக்கம் பிறக்கும்.

நம் ஊர்ப் புல்

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் வழியே பார்த்தால் கிளுவை மரத்தால் உயிர்வேலி கட்டிய நிலங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். கீழே முழங்கால் உயரப் புல். இதற்குக் 'கொறங்காடு' என்று பெயர். காங்கயம் காளையின் கம்பீரத்துக்கும் மேச்சேரி ஆட்டின் திடத்துக்கும் காரணமான மேய்ச்சல் நிலம் அது. அங்கே விளையும் புல்லுக்குக் கொழுக்கட்டைப் புல் என்று பெயர். பெயரைக் கேட்டாலே நாக்கில் நீர் ஊறுகிறது அல்லவா? மழை குறைந்த பூமியிலும் வேர் சாகாமல் கிடந்து, ஒரு மழை பெய்தால் குபீரென்று தளிர்க்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இந்த இனத்தில் நீலக் கொழுக்கட்டைப் புல் என்று ஒரு ரகமே தேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். முயலுக்கு இது நன்றாக ஒத்துக்கொள்ளும். கதிர் முற்றிவிட்டால் அதில் உள்ள சுணை வாயையும் கண்ணையும் குத்தும். ஆகையால் பூக்கத் தொடங்கும்போதே அறுத்ததுதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அந்தப் பக்கத்துக் குடியானவரிடம் போய், "முயலுக்கு நாற்பது கிலோ புல் காயவைத்துத் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏனுங்க, மொசலுக்கா? நாற்பது கிலோ எங்க மாடு நாலு நாள்ல தின்னு போடுமுங்க!" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் உங்களுக்கு லாபம் இருக்கிறது. உங்களுக்கு வருஷச் சாப்பாடாக இருப்பது அவருக்குக் கைச்சரக்கு. லாரி பார்சலில் அனுப்பும் கூலிதான் சற்று உறுத்தும். அதற்கு வழி, முயல் வளர்க்கும் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரே தடவையில் தருவிப்பது. கைப்பேசி இல்லாத வீடு ஏது இந்தக் காலத்தில்? ஊரில் முயல் வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிப்பது ஒரு மாலைப் பொழுது வேலை.

அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது அறுத்தது? காயும்போது மழையில் நனைந்ததா? மருந்து அடித்த வயலை ஒட்டிய இடமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் அவர் சற்றே யோசித்தால், அந்தச் சரக்கு வேண்டாம்.

சென்னையிலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, பிள்ளையார் கோயில் வாசலில் இருக்கிறது. அருகம்புல்! மாலை கட்டுகிற பூக்கார அம்மாளிடம், "கட்டாத புல்லாக ஒரு மூட்டை கிடைக்குமா?" என்று கேளுங்கள். "இன்னாம்மா, ஜூஸ் போடவா?" என்று அவள் கேட்பாள். முயலுக்கு என்றால் நம்ப மாட்டாள். இருந்தாலும் அவளுக்குப் புல் கொண்டுவந்து போடுகிற ஆளை உங்களுக்குக் காட்டிவிடுவாள். மாலையாகக் கட்டியதை வாங்கினால் பூ விலை. மூட்டையாக வாங்கினால் புல் விலை. கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் குதிரைக்காரர்களும் தினமும் புல் வாங்குகிறவர்கள்தாம். குதிரைக்கு ஆகிற நல்ல புல் முயலுக்கும் ஆகும் என்பது ஏறக்குறைய நம்பத்தகுந்த விதி. அவர்களுடைய புல்காரர் யார் என்று விசாரித்து வையுங்கள்.

மசால் வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் என்று மூன்று தீவனங்கள் நம் பக்கத்தில் பயிராகின்றன. மூன்றாவதன் பெயரைப் பார்த்ததும், "ஆகா, இது நம் ஆளுக்கென்றே படைத்தது!" என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். மசால்கள் எல்லாம் அவரை, துவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. புரதம் அதிகம். குதிரை மசாலிலோ சுண்ணாம்புச் சத்தும் மிக அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் சுண்ணாம்பு மூத்திரப்பையில் வண்டலாகத் தங்கி உபத்திரவம் பண்ணும். வாரத்தில் ஒரு கைப்பிடி, பலகாரம் மாதிரி. அகத்திக்கீரைக்கும் இதே சட்டம்தான்.

சவுண்டல் இலை சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதையே போடுகிறவர்கள் உண்டு. அதில் மைமோசின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. தொடர்ந்து தின்னும் முயலுக்கு முடி கொட்டிப் போகும். இளஞ்சோளப் பயிரின் நஞ்சைப் பற்றி மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தாருக்குத் தெரியாது என்பதால் சொல்லி வைக்கிறேன்: முழங்கால் உயரச் சோளப் பயிர் எந்தப் பிராணிக்கும் வேண்டாம். ஊசிப்புல்லின் முள் வாயில் ஏறும். அரளி இலை காய்ந்த பிறகும் விஷம்தான். புல்லோடு ஒன்றிரண்டு கலந்து வந்தாலும் ஆபத்து. வேலியோரத்தில் அறுத்த புல் என்றால் பரப்பி வைத்துப் பொறுக்கிப் பாருங்கள். பூங்காவில் மெஷின் ஓட்டி வெட்டித் தள்ளிய புல் தூளை இலவசமாகத் தருகிறார்கள் என்று கூடை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அது குவியலாகக் கிடந்த ஒரு மணி இரண்டு மணியிலேயே சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும்.

மொட்டை மாடி வயல்

வெயில் நமக்கு இலவசம். இந்தச் செல்வத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் குடும்பம் உலர் புல்லைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பச்சைப் புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். நன்கு காய்ந்த புல்லில் பதினைந்துக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் நாலேகால் கிலோ பச்சைப் புல் காய்ந்து ஒரு கிலோ ஆகும். ஞாயிற்றுக்கிழமை எட்டுக் கிலோ பச்சைப் புல் வாங்கிப் பரப்பினால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். சிந்தல் சிதறல் போக ஒரு முயலுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வரும். வடகம் இடும் வீட்டில் இது ஒரு பெரிய காரியமா?

புல்லை வாங்கிய கையோடு சாக்கில் திணித்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, வழியில் சிற்றுண்டி விடுதியில் நுழைந்துவிடாதீர்கள். திரும்பி வந்து சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று சுடும். நேரே வீட்டுக்கு வந்து பிரித்துப் போட வேண்டும். புழுதியாக இருந்தால் அலசி, நீர் வடியவிட்டுக் காயப்போடலாம். தரையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் நாலு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை கிளறிவிடுவது குழந்தைகளின் வேலை. சித்திரை வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் பச்சை நிறம் ஓடிப்போய்ச் சருகாகிவிடும். முற்பகல் வெயில் போதும். பிறகு காற்றோட்டமான நிழல். பொழுது சாயுமுன் குவித்து மூடாவிட்டால் பனி இறங்கும். நகரத்து மாடிகளில் புறா எச்சம் ஒரு பெருந்தொல்லை. பழைய கொசுவலை ஒன்றை மேலே போர்த்திவிடுங்கள். மொட்டை மாடிக்கு உரிமை இல்லாத அடுக்குமாடிக் குடித்தனக்காரர்கள், கைப்பிடி கைப்பிடியாகக் கட்டிப் பால்கனிக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிடலாம்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு பிடி எடுத்து முறுக்குங்கள். தண்டு முறிய வேண்டும். வெறுமனே வளைந்து கொடுத்தால் இன்னொரு நாள் காயட்டும். கணுவை நகத்தால் கீறினால் ஈரம் தெரியக் கூடாது. இலை காய்ந்தாலும் கணு காய்வதற்குத் தாமதமாகும். சந்தேகம் தீரவில்லையானால் ஓர் உப்புச் சோதனை இருக்கிறது. தானியத்துக்குச் செய்வது, நறுக்கிய புல்லுக்கும் செய்யலாம். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி புல்லையும், வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு கரண்டியும் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்தது என்று அர்த்தம். ஒட்டினால் ஈரம்.

இந்த ஈர விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஈரப் புல்லை அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளம்புகிறது. மேல்நாடுகளில் பெரிய பெரிய புல் போர்கள் நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பற்றி எரிந்திருக்கின்றன. உங்கள் வீட்டு இரண்டு சாக்கு எரியாது, பூஞ்சைதான் பூக்கும். பூஞ்சை பூத்த புல்லை, "வெயிலில் உதறிக் காயவைத்தால் போயிற்று" என்பார்கள். பூஞ்சை காயும், அது விட்ட விஷம் காய்வதில்லை. அதன் தூசு உதறுகிறவரின் நுரையீரலையும் கெடுக்கும். மேல்நாட்டுக் குடியானவர்களுக்கு இதனால் வரும் நுரையீரல் நோய்க்குக் குடியானவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆகவே, காசு போனாலும் சரி, குப்பைக்குப் போக வேண்டியது குப்பைக்குத்தான் போக வேண்டும். வெள்ளைத் தூசு பறந்தால், பழைய கோணி வாடை அடித்தால், தயவு தாட்சணியம் பார்க்க வேண்டாம். நல்ல உலர் புல் தேயிலைப் பெட்டியைத் திறந்தாற்போல் மணக்கும்.

எங்கே வைப்பது?

தை, மாசிதான் புல் வாங்கும் காலம். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த புல், மழை நின்று வெயில் ஏறும் சமயம் அறுவடைக்கு வருகிறது. அப்போது வாங்குவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாண்டும்வரை தாங்க வேண்டும். நாற்பது கிலோவை அமுக்காமல் வைத்தால் முக்கால் பீரோ இடம் கொள்ளும். "பீரோவுக்கு நான் எங்கே போக?" என்று வீட்டு அம்மாள் கேட்பது காதில் விழுகிறது. பரணும் கட்டிலுக்கு அடியிலுமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அல்லது ஆறு மாதச் சரக்காக வாங்குங்கள். ஆனால் ஐப்பசி பிறக்கும்போது கையில் மூன்று மாதப் புல் இருந்தாக வேண்டும். மழையில் வாங்குகிற புல்லுக்கு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது.

பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவது கூடாது. உள்ளே இருக்கும் சொற்ப ஈரமும் வியர்த்து அடியில் தங்கும். கோணிச்சாக்கு, பழைய தலையணை உறை, பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டி இவையே போதும். தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நம் வீட்டுச் சுவர்கள் மழைக்காலத்தில் தண்ணீர் குடிக்கிறவை. வெளிச்சம் படாத இடம் நல்லது. வெயில் பட்டால் பச்சையும் சத்தும் வெளுத்துப்போகும். ஸ்டோர் ரூமில் கெரசினோ பெயிண்ட் டப்பாவோ இருந்தால் புல்லுக்கு வேறிடம் பாருங்கள், வாடையை இழுத்துக்கொள்ளும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பூச்சி வராமல் இருக்கட்டும் என்று பட்டுப்புடவைப் பெட்டியில் போடுவதுபோல் அந்துருண்டையைப் புல்லில் போட்டுவிடாதீர்கள்! அது விஷம். பூச்சிக்குப் பயந்தால் உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து, சாக்குக்கு வெளியே வைக்கலாம். எலிதான் நிஜமான பகைவன். எலி மூத்திரம் பட்ட புல் முயலுக்கும் ஆகாது, அதைக் கையாளும் குழந்தைக்கும் ஆகாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. எலி நடமாட்டம் உள்ள வீடானால் பழைய தகர டிரங்குப் பெட்டி உத்தமம். மூடிக்குக் கீழே நாலைந்து சிறு துளை போட்டு, உள்பக்கம் கம்பிவலை அடித்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சாக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடோ ஈரமோ தெரிந்தால் அன்றைக்கே வெளியே எடுத்துப் பரப்புங்கள்.

இனிச் சிக்கனத்தின் பெரிய ரகசியம். அது கடையில் இல்லை, கூண்டில் இருக்கிறது. புல்லைக் கூண்டின் தரையில் போட்டால் பாதி காலில் மிதிபடும். அசுத்தமானதை முயல் தொடாது. பழக்கடை மரப்பெட்டியில் கம்பி அடித்து ஒரு தொட்டி மாதிரி செய்து, முயலின் தலை உயரத்தில் மாட்டுங்கள். அதற்கு நேர் கீழே கழிவுத் தட்டு. தின்றுகொண்டே கழிப்பது முயலின் சுபாவம், அந்தச் சுபாவத்தை நாம் உபயோகப்படுத்திக்கொண்டால் இடமும் சுத்தமாக இருக்கும். தட்டில் விழுந்த புல் மெத்தையாகிறது, மெத்தை ரோஜாத் தொட்டிக்கு உரமாகிறது. காலையில் ஒரு பிடியும், விளக்கு வைத்தபின் இரண்டு பிடியும் போடுங்கள். முயலுக்கு அந்தி நேரமும் விடியற்காலமும்தான் சாப்பாட்டு வேளை. ஆனால் சிக்கனம் என்று தொட்டியைக் காலியாக மட்டும் விடக் கூடாது. கடைத் தீவன உருண்டையில் குறையுங்கள், கேரட்டில் குறையுங்கள். புல்லில் வேண்டாம்.

இவ்வளவும் செய்து கொழுக்கட்டைப் புல்லை வைத்தால், கடைத் திமோதியில் பழகிய முயலார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம், பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரவும் வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு நாள் நாலில் ஒரு பங்கு புதுப் புல்லைப் பழையதோடு கலந்து போடுங்கள். பிறகு பாதிப் பாதி. பத்து நாளில் முழுவதும் மாற்றிவிடலாம். சில முயல்களுக்குக் கொத்தமல்லித் தழையின் மணம் பட்டால் போதும்; ஒரு கொத்தைக் கசக்கிப் புல்லோடு புரட்டி வைத்தால் தலை தானாகத் திரும்பும்.